காணாமல் போன கால்வாய்

சூசைநாதனின் சந்தேகம் பிறவிக்குணம் அல்ல, ரப்பர் தோட்டத்தில் கற்ற கல்வி. பால்வெட்டிய காலத்தில் தோட்டக் குமாஸ்தாவான கிராணி பால் நிறுக்கையில் எல்லாரும் தராசைப் பார்ப்பார்கள். இவர் மட்டும் எடை குறையத் தட்டை அடியில் முட்டுகிறதா என்று கிராணியின் கால் கட்டைவிரலைப் பார்ப்பார். பின்னர் ரப்பர் மரங்கள் போய்த் தோட்டம் வீடுகள் வரிசையிட்ட தாமானாயிற்று. இவரும் ஈப்போவில் லாரி ஓட்டி ஓய்வுபெற்றார். அந்தப் பார்வை மட்டும் ஓய்வுபெறவில்லை.

ஆகவே, நகராண்மைக் கழகம் தன் செலவுகளை அகப்பக்கத்தில் தானாகவே வெளியிடத் தொடங்கியதும் மனிதர் கலங்கிப்போனார்.

"கேக்காமலே காட்டறான்னா, காட்டாதது எவ்வளவு பெருசா இருக்கும்!"

"மறைக்கிறான்னுதானே இவ்வளவு நாளா திட்டினீங்க?" என்றாள் மனைவி அகதா.

"அது நேர்மையான திருட்டு லா."

மகள் கேரனின் கைப்பேசியில் தேடு தேடென்று தேடிக் கடைசியில் பிடித்துவிட்டார். வரிசையின் கோடியிலிருந்த இவர் வீட்டுக்கு முன்னால் மூடிபோட்ட கால்வாய் கட்டியதாகச் செலவு எழுதியிருந்தது. வாசலுக்கு ஓடினார். பளபளவென்று பூப்போட்ட டைல்ஸ், மேலே தகரக் கூரை, கார். கால்வாயைக் காணோம்.

"முழு லோங்காங்கையே முழுங்கிட்டானுங்க!"

வெற்றிடத்தைச் சுட்டிக்காட்டியபடி நின்று படம் எடுக்கச் சொன்னார். அதே அகப்பக்கத்தில் புகாராகவும் போட்டார். வெள்ளிக்கிழமை அதிகாரி வருவதாகப் பதில் வந்தது. அந்தப் பெருமையை, கார் கழுவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தேவனிடம் அளந்தார்.

"அண்ணே, நீங்க எல்லாரும் தைப்பிங்ல மகன் வீட்டுல இருந்தப்போதானே வந்து கட்டினாங்க? நீங்க நிக்கிறதே அது மேலதான்."

சூசைநாதனுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. தைப்பிங்கிலிருந்து திரும்பியபோது வாசலில் வழவழவென்று புதுச் சிமெண்ட். தேர்தல் நேரம். எந்தக் கட்சிக்காரனோ இவர் ஓட்டுக்குச் செய்த மரியாதை என்று மனம் குளிர்ந்து, டைல்ஸ் ஒட்டி, கூரையையும் இழுத்துவிட்டிருந்தார். வாழ்நாளில் அவர் சந்தேகப்படாத ஒரே பொருள் அதுதான்.

சனிக்கிழமை அந்தக் கூரையின் கீழ்தான் கேரனுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து வருகிறார்கள்.

"கால்வாய் மேல கட்டக்கூடாதுன்னு வெள்ளிக்கிழமை உடைச்சிட்டா, மறுநாள் அவங்கள எங்கப்பா உக்கார வைப்பீங்க? லோங்காங்லயா?" கேரனுக்கு அழுகை முட்டியது.

புகாரை மீட்கப் பார்த்தார். முடியவில்லை. பெயர், விலாசம், நீட்டிய விரலோடு படம், எல்லாம் ஏற்கெனவே பொதுமக்கள் பார்வைக்கு வந்திருந்தன.

"இதையெல்லாமா ஊருக்குக் காட்டுவான்? அரசாங்கம்னா ஒரு ரகசியம் வேணாம்?"

"காட்டாதது எவ்வளவு பெருசோ!" என்றாள் அகதா, வெங்காயம் உரித்தபடி.

வெள்ளிக்கிழமை வந்த அதிகாரி சுரேன், படத்தைப் பார்த்தான், தரையைத் தட்டினான், சிரிப்பை விழுங்கினான்.

"கால்வாய் இருக்கு, அங்கிள். நிச்சயம் முடியட்டும். அடுத்த வாரம் டைல்ஸையும் கூரையையும் நீங்களே பிரிச்சிருங்க, போதும்."

கேரன் மூச்சு விட்டாள். அகதா காப்பி கலக்க ஓடினாள். சூசைநாதன் மட்டும் அசையவில்லை. ஓர் அதிகாரி இவ்வளவு நல்லவனாக இருக்க என்ன அவசியம்? அவர் கண்கள் மெல்லக் கீழே இறங்கின.

பையன் காலை மூடிய சப்பாத்து போட்டிருந்தான். கட்டைவிரல் தெரியவில்லை.