ஜூஜூவாடியில் நாலு செகண்டு

ஓசூர் பேடரபள்ளியில் மாடி வீட்டில் குடியிருக்கும் லிபியா என்ன வேலை பார்க்கிறாள் என்று அந்தத் தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கீழ் வீட்டுக்காரர் சாந்தம்மாவைக் கேட்டால், "கம்ப்யூட்டர்ல குத்தம் கண்டுபிடிக்கிற வேலையாம், அதுக்கு சம்பளம் வேற குடுக்கறாங்களாம்" என்பார். அதே வேலையைச் சம்பளமில்லாமல் இத்தனை வருஷமாகத் தெருவுக்கே செய்துவருகிறோமே என்ற ஆற்றாமை அந்தக் குரலில் இருக்கும்.

சாந்தம்மா சொல்வது பெரிய தப்பும் இல்லை. பெங்களூரில் ஒரு கம்பெனி 'கொன்றை' என்ற பெயரில் லினக்ஸ் தயாரித்து வெளியிடுகிறது. கம்ப்யூட்டரை ஓட்டும் அடிப்படை மென்பொருளோடு ஆயிரக்கணக்கான சில்லறை மென்பொருள்களும் அதில் வரும். பெரும்பாலானவற்றை 'வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள், கெட்டால் எங்களைக் கேட்காதீர்கள்' என்ற தோரணையில் கொடுப்பார்கள். சிலவற்றுக்கு மட்டும் அதிகாரபூர்வ ஆதரவு உண்டு. ஐந்து வருஷத்துக்குள் அதில் எங்கே ஓட்டை விழுந்தாலும் கம்பெனியே அடைத்துத் தரும். அந்தப் பட்டியலில் ஒன்றைச் சேர்ப்பதற்கு முன் அதைப் பிரித்து மேய்ந்து, சேர்க்கலாம் அல்லது கூடாது என்று எழுதித் தன் பெயரைப் போடுவதுதான் லிபியாவின் வேலை.

அந்தப் பெயருக்குக் கம்பெனியில் இருந்த மரியாதை மூன்று மாத மரியாதை. ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். ஏழு முறை புதுப்பித்தாகிவிட்டது. அவளுக்கு மேலே இருந்த ஹரீஷ்குமார், தன்னை சார் என்று கூப்பிடக்கூடாது, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எட்டாவது முறை நிரந்தர வேலைக்கான ஆர்டரே வந்துவிடும் என்று இந்த ஆகஸ்டில் சொன்னார். ஒரே ஒரு வேலை பாக்கி. 'மோல்வே' என்ற விபிஎன்னைப் பரிசீலித்து முடித்துவிட்டால் போதும். அக்டோபரில் வரும் புதிய பதிப்பின் போஸ்டரில் அதன் பெயரை ஏற்கெனவே அச்சடித்துவிட்டார்கள். போஸ்டர் அடித்த பிறகு பரிசீலனைக்கு அனுப்புவது அந்தக் குடும்பத்து வழக்கம்.

விபிஎன் என்றால் என்ன என்று சாந்தம்மா ஒருமுறை கேட்டார். இணையத்தில் எல்லாரும் பார்க்கப் போகும் தகவலை, ஒரு மூடிய சுரங்கத்துக்குள் விட்டு அனுப்புகிற ஏற்பாடு என்று லிபியா சொன்னாள். வெளிநாட்டுப் படம் பார்ப்பதற்கு என்றல்லவா என் தம்பி மகன் சொன்னான் என்றார் சாந்தம்மா. அதற்கும்தான் என்று லிபியா ஒத்துக்கொண்டாள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவள் சிப்காட்டில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எட்டு வருஷம் இருந்தாள். வெளியிலிருந்து வரும் சரக்கை அளந்து பார்த்து உள்ளே விடும் பிரிவு. அளவு சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, தவறினால் சிவப்புச் சீட்டு. ஆனால் சிப்காட்டில் வேலை பார்த்த எல்லாருக்கும் மூன்றாவதாக ஒன்றும் தெரியும். அதற்கு டீவியேஷன் என்று பெயர். அளவு தவறித்தான் இருக்கிறது, ஆனால் உற்பத்தி லைன் நிற்கக்கூடாது, ஆகவே இந்த ஒரு தடவை மட்டும் ஏற்றுக்கொள்கிறோம் என்று ஒரு கையெழுத்து. அந்த ஒரு தடவை மாதத்துக்கு நாலு தடவை வரும்.

அப்படி ஒருநாள் பிரேக் லீவருக்கான பின்கள் வந்தன. தடிமன் ஒரு மயிரிழை குறைவு. லிபியா சிவப்புச் சீட்டைக் கையில் எடுத்தாள். மேனேஜர் முத்துக்குமார் வந்து, "போடும்மா கையெழுத்து, நான் பாத்துக்கறேன்" என்றார். போட்டாள். ஆறு வாரத்தில் சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. விசாரணையில் முத்துக்குமார் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் என் கையெழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் வாயால்தானே சொல்லியிருந்தார். லிபியா ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். பிரிவு உபசாரத்தில் அவளுக்குச் சுவர்க் கடிகாரம் தந்தது முத்துக்குமார்தான்.

அந்தத் தொழிற்சாலையில் அளவுக் கருவிகள் இருந்த அறையில் ஒரு பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர் அடிக்கடி படுத்துக்கொள்ளும். அதை எழுப்பி எழுப்பியே அவள் கற்றுக்கொண்டது இந்த வித்தை. வேலை போன பிறகு கொன்றையில் இருந்த குறைகளை வீட்டிலிருந்தே எழுதி அனுப்பிக்கொண்டிருந்தாள். இத்தனை குறை சொல்கிறவளை வெளியே விட்டுவைப்பது ஆபத்து என்று கம்பெனி உள்ளே எடுத்துக்கொண்டது.

மோல்வேயை அவள் மூன்று வாரம் படித்தாள். உண்மையில் நல்ல மென்பொருள். எழுதியவர் யாரோ ஒருவர், ஒரே ஆள், முகம் தெரியாது. ஆனால் வரிக்கு வரி கவனம் தெரிந்தது. தேவையில்லாத அதிகாரம் எதையும் அது கேட்கவில்லை. பழைய குறைகளுக்கு ஒளிக்காமல் பதில் எழுதியிருந்தார். சுரங்கம் அறுந்தால் ஒரு சொட்டுத் தகவல்கூட வெளியே போகாமல் தடுக்கும் பூட்டு ஒன்றும் இருந்தது. பெங்களூர் சோதனைக்கூடத்தில் நூறு மணி நேரம் ஓடியும் எந்தப் பிசகும் இல்லை. பச்சைச் சீட்டு எழுதுகிற சந்தோஷம் லிபியாவுக்கு அபூர்வம். அன்று அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

வழக்கப்படி வீட்டிலும் ஒரு நூறு மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தாள். நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. அத்திப்பள்ளியில் அவள் நாத்தனார் குழந்தைக்கு ஞானஸ்நானம். சோதனையை நிறுத்த மனசில்லை. லேப்டாப்பை மூடாமல் பைக்குள் வைத்து, செல்போன் இணைப்பில் ஓடவிட்டபடியே பஸ் ஏறினாள். குழந்தைக்குத் தங்கமோதிரம் வாங்கியிருந்த அவள் கணவன் டேனி, வழியெல்லாம் மோதிரத்தைவிடப் பத்திரமாக அவள் பையைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

திரும்பி வந்து பதிவைப் பார்த்தபோது இரண்டு இடங்களில் அவள் கண் நின்றது. போகும்போது ஒரு நாலு செகண்டு, வரும்போது ஒரு நாலு செகண்டு. அந்த நேரத்தில் தகவல் சுரங்கத்துக்கு வெளியே, திறந்த வெளியில், ஊர் பார்க்கப் போயிருந்தது. பாதுகாப்பாக இருக்கிறீர்கள் என்று சொல்லும் பச்சை விளக்கோ அணையவே இல்லை. நேரத்தைக் கணக்குப் பார்த்தாள். இரண்டு தடவையும் பஸ் ஜூஜூவாடியைத் தாண்டிக்கொண்டிருந்தது.

ஓசூர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகம். செல்போன் தமிழ்நாட்டு டவரை விட்டுக் கர்நாடக டவரைப் பிடிக்கும், வரவேற்புச் செய்தி கன்னடத்தில் வந்து விழும், பேசிக்கொண்டிருந்தவர் 'ஹலோ ஹலோ' என்பார். அந்தக் குழப்பத்தில் மோல்வே சுரங்கத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியது. இடிக்கும்போது பூட்டையும் சேர்த்துக் கழற்றிவைத்துவிட்டது. சோதனைக்கூடத்தில் இது தெரிய வாய்ப்பே இல்லை. நூறு மணி நேரமும் அந்தக் கம்ப்யூட்டர் ஏ.சி. அறையில், ஒரே மேஜையில், ஒரே ஒயரில் சுகமாக உட்கார்ந்திருந்தது.

ஒருமுறை பார்த்ததை நம்பி எழுதக்கூடாது என்பது தொழிற்சாலைப் பாடம். திங்கட்கிழமை காலையில் ஜூஜூவாடி டவுன் பஸ்ஸில் ஏறினாள். பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ், ஆகவே ஆராய்ச்சிக்கு அரசாங்க உதவியும் கிடைத்தது. மடியில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு போனாள், இறங்கினாள், எல்லையைத் தாண்டி நடந்துவிட்டு வந்தாள், திரும்பி ஏறினாள். மூன்றாவது நடைக்குக் கண்டக்டர் பொறுமை இழந்தார்.

"ஏம்மா, காலைலேர்ந்து ஏறுறீங்க, எறங்குறீங்க. எதாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

"ஆமாண்ணா. எங்க தொலையுதுன்னு பாத்துட்டேன். இன்னும் மூணு வாட்டி பாத்துக்கறேன்."

அவர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு டிரைவரிடம் போய் ஏதோ சொன்னார். டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். ஆறு நடைக்கு ஐந்து நடை நாலு செகண்டு திறந்துகொண்டது. ஒவ்வொன்றையும் நேரத்தோடும் இடத்தோடும் குறித்துக்கொண்டாள். பரிசீலனைப் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி, மோல்வேயை எழுதிய முகம் தெரியாதவருக்கும் தெரியும்படி வைத்தாள். முடிவு எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டாள். ஹரீஷ்குமாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுதுவதுதான் முறை.

அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். நாலு செகண்டில் என்ன குடிமுழுகிவிடும் என்றார். யார் பஸ்ஸில் போய்க்கொண்டே வேலை பார்க்கப் போகிறார்கள் என்று அவர் கேட்டதுதான் இதில் அழகு. காலை ஏழு மணிக்கு ஓசூரிலிருந்து பெங்களூருக்குக் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் புறப்படும். உள்ளே ஒவ்வொரு மடியிலும் ஒரு லேப்டாப் திறந்திருக்கும். வாடகை குறைவு என்பதற்காக ஓசூர் பாகலூர் ரோட்டில் குடியிருந்துகொண்டு, கூட்டங்களில் பெங்களூர்வாசியாகப் பேசும் ஹரீஷ்குமாரும் அதில் ஒரு பஸ்ஸில்தான் தினமும் போய்வந்தார். லிபியா அதைச் சுட்டிக்காட்டினாள். அவர் சிரிப்பு நின்றது.

பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டார். கோபமில்லை, பாசம்.

"லிபியா, நிபந்தனையோட ஓகேன்னு போட்டுருங்க. அடுத்த பதிப்புல சரி பண்ணிக்கலாம். நான் பாத்துக்கறேன்."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை அவள் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறாள். அவளுக்குப் பயம்தான், அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நிரந்தர ஆர்டர் இந்த மனிதர் கையில் இருந்தது. ஏழு தடவை மூன்று மூன்று மாதமாக வாழ்ந்தவளுக்கு அந்தக் காகிதம் எவ்வளவு பெரிசு என்று அவளுக்குத்தான் தெரியும்.

"இதையே அந்தப் பக்கத்துல எழுதி, கீழ உங்க பேரப் போட்டுருங்க ஹரீஷ். நானும் அடுத்த நிமிஷமே போட்டுடறேன்."

எழுத்தில் எல்லாம் வேண்டாமே என்றார் அவர். நம்பிக்கை முக்கியம், குழு மனப்பான்மை முக்கியம் என்று பத்து நிமிஷம் பேசினார். பேரை மட்டும் போடவில்லை. லிபியா போனை வைத்துவிட்டு முடிவு எழுதும் இடத்தில் எழுதினாள்: 'நிபந்தனையோடு ஏற்க இடமில்லை. சரிசெய்து திரும்ப அனுப்பவும்.' கீழே தன் பெயர்.

இரண்டு நாள் ஹரீஷ்குமார் அவளோடு, அதாவது ஒரே குடும்பத்தோடு, பேசவில்லை. மூன்றாம் நாள் மோல்வேக்காரரிடமிருந்து பதில் வந்தது. மன்னிப்பு, நன்றி, திருத்திய மென்பொருள் மூட்டை. புதிய சுரங்கம் தயாராகும்வரை பழைய பூட்டு இனிக் கழலாது. கூடவே, இந்தத் தப்பு மறுபடி நுழையாமலிருக்க ஒரு தானியங்கிச் சோதனையும் சேர்த்திருந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஜூஜூவாடி'. உலகத்தில் யார் எங்கே அந்த மென்பொருளைப் புதிதாகத் தயாரித்தாலும் அது முதலில் ஜூஜூவாடியைத் தாண்டியாக வேண்டும். லிபியா அதை மூன்று தடவை படித்தாள். டேனியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவனுக்குப் பாதி புரிந்தது, முழுதாகச் சிரித்தான். மறுபடியும் டவுன் பஸ், மறுபடியும் ஆறு நடை. ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை. பச்சைச் சீட்டு எழுதினாள்.

பதிப்பு சொன்ன தேதியில் வந்தது. வெளியீட்டு விழாவில் தங்கள் குழு எவ்வளவு கறாரானது என்று ஹரீஷ்குமார் பேசினார். களத்தில் இறங்கிச் சோதித்தோம், எல்லைகளைத் தாண்டினோம் என்றார். கைதட்டல் நன்றாக இருந்தது. எந்தப் பஸ் என்று யாரும் கேட்கவில்லை.

மாதக் கடைசியில் லிபியாவுக்குக் கடிதம் வந்தது. அவளுடைய பணியைக் கம்பெனி மிகவும் மதிக்கிறதாம். ஆனால் ஒத்துழைப்பு என்ற தலைப்பில் சில கேள்விகள் இருப்பதால், அதே மூன்று மாதத்துக்கு நிபந்தனையோடு நீட்டிக்கிறார்களாம். நிரந்தர ஆர்டர் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. போன் செய்தபோது ஹரீஷ்குமார், அடுத்த முறை கட்டாயம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

சமையலறை மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, கொஞ்சம் அழுதாள். பிறகு கடிதத்துக்குப் பதில் எழுத ஆரம்பித்தாள். டேனி பின்னால் வந்து நின்று, அவள் தோளுக்கு மேலாகப் படித்தான்.

'நிபந்தனையோடு ஏற்க இடமில்லை. சரிசெய்து திரும்ப அனுப்பவும்.'

"லிபி, வேலை போயிருச்சுன்னா?"

"போவட்டுங்க. ஆனா இந்த வாட்டி போறதுன்னா எழுத்துல போவட்டும், கீழ அவங்க பேரப் போட்டு" என்றாள் லிபியா. அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.