சூடான போனும் சங்கரா மீனும்

தேவனாம்பட்டினம் காத்தவராயனுக்குப் பேத்தி பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. மருமகள் பூஜா இன்னும் சிதம்பரத்தில் தாய்வீட்டில்தான் இருக்கிறாள். வீடியோ காலில் எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிற குழந்தை, இவர் முகத்தைக் கண்டால் மட்டும் உதட்டைப் பிதுக்கும். எப்படியாவது சிரிக்க வைத்துவிடுவதென்று, சார்ஜர் ஒயரைக்கூடப் பிடுங்காமல் நாளெல்லாம் போனும் கையுமாகக் கிடந்தார்.

"சார்ஜ் போட்டுகிட்டே பேசாதீங்க மாமா. சூடு ஏற ஏற பேட்டரி ஆயுசு கொறைஞ்சிடும்," என்று எச்சரித்தான் போன் கடை ராஜவேல்.

சூட்டுக்கு வைத்தியம் மீன்பிடிக்கிறவருக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்ததும் போனைக் கவரில் சுற்றி, மீன் பெட்டியில் ஐஸ்மேல் வைத்தார்.

"யோவ், போன் என்ன கெட்டுப்போற மீனா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மனைவி மங்கலம்.

அந்நேரம் பார்த்துப் பூஜா கூப்பிட்டாள். காத்தவராயன் அவசரமாகக் கவரைப் பிரித்துப் பச்சைப் பட்டனைத் தேய்க்க, வழுக்கிய போன் ஒரு சங்கரா மீனின் மூஞ்சிக்கு நேராகச் சாய்ந்து நின்றது.

"மாமா, பாப்பா சிரிக்குது! வாய் மூடாம சிரிக்குது!" என்று கத்தினாள் பூஜா.

"பாத்தியாடி, என்னப் பாத்து சிரிச்சிட்டா!" என்று மங்கலத்திடம் துள்ளினார் காத்தவராயன்.

"ஒன்னப் பாத்து இல்ல, சங்கராவப் பாத்து."

"அந்த சங்கராவப் புடிச்சது யாரு? நான்தானே!"