கொட்டிய மண்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'முடியாது மேடம்' என்று பெயர். மலைச்சரிவில் வீடு கட்ட அனுமதி கேட்டு வரும் மனுக்களை அவர்தான் பார்க்கிறார். பக்கத்து மேசையில் பதினோரு வருஷமாகக் குப்பை கொட்டும் எனக்கு அவர் குணம் அத்துப்படி. யாராவது சிபாரிசு என்று வாயைத் திறந்தால் பேனாவை மூடி வைத்துவிடுவார்.

ஒரு காலத்தில் அவரும் எங்களைப் போல வரைபடத்தைப் பார்த்தே கையெழுத்துப் போட்டவர்தான். அப்படிப் போட்ட ஒரு வீடு அடைமழையில் சரிந்தது. வெளியூர் போயிருந்ததால் அந்தக் குடும்பம் தப்பியது. சரிவில் மண்ணைக் கொட்டிச் சமமாக்கி, அதன் மேல்மட்டத்திலிருந்து அஸ்திவாரத்தை அளந்திருந்தார்கள். காகிதத்தில் ஐந்தடி, கெட்டி மண்ணில் இறங்கியது ஓரடிகூட இல்லை. அன்றிலிருந்து மேடம் மண்வெட்டியோடு இடத்துக்குப் போய், பழைய மண் தெரியும்வரை தோண்டிவிட்டுத்தான் வரைபடத்தையே பிரிப்பார்.

போன மாதம் வந்த மனு அவருடைய சொந்தத் தம்பியுடையது.

"வேற யார்கிட்டயாவது தள்ளி விடுங்க மேடம்" என்றேன்.

"தள்ளினா நீங்க கையெழுத்துப் போட்டுடுவீங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உண்மையைத்தானே சொன்னார்?

இரண்டு பேரும் போனோம். வாயெல்லாம் பல்லாக வரவேற்ற தம்பிக்கு மண்வெட்டியைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது. மூன்றடியில் உடைந்த செங்கல் வந்தது. நான்கடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குக் கீழேயும் மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

"எல்லாரும் இப்படித்தானே கட்டுறாங்க? ஒரு கையெழுத்துதானேக்கா, உனக்கென்ன?"

"கொட்டின மண்ணை அள்ளு. கெட்டி மண்ணுலேருந்து அஞ்சடி இறக்கு. மறுநாளே போடுறேன்."

"அதுக்குக் காசு சேர்க்க இன்னும் ஒரு வருஷம் ஆகும். அதுவரை பிள்ளைங்களோட ஒத்தை ரூம்லயே கிடக்கவா?"

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதை மறைக்கவில்லை. அந்த அறையில் படுக்கக்கூட இடமில்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் கோப்பைத் தொடையில் வைத்து, 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டார்.

"இதோட சரி. இனிமே உன்கூட எனக்குப் பேச்சே கிடையாது" என்றான் தம்பி.

"பேசாட்டிப் போடா" என்றார் மேடம். "உயிரோட இருந்துக்கிட்டுப் பேசாம இரு."