செவலையைத் திரும்ப விட்ட நாள்

நான் ஓட்டுகிற வண்டியைக் கண்டால் புதுச்சேரியில் எந்தத் தெருநாயும் நிற்காது. பின்பக்கம் கம்பிக்கூண்டு வைத்த வெள்ளை வேன். நாய்களைப் பிடித்து வந்து, கருத்தடை ஆபரேஷன் செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு அடையாளம் வைத்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவது எங்கள் வேலை. வண்டி ஓட்டுவதும் வலை போடுவதும் நான். ஆபரேஷன் செய்வது டாக்டர். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னப் பெண், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். இதற்கு முன்னால் பெரிய மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடித்துக்கொண்டிருந்தேன். நாய்கள்மேல் எனக்குப் பாசமும் இல்லை, வெறுப்பும் இல்லை. மூட்டை மாதிரிதான் ஏற்றுவேன், இறக்குவேன். என்ன, மூட்டை கடிக்காது.

கருவடிக்குப்பத்துக்கு அப்பால் இருக்கிற ராணுவ முகாமிலிருந்து ஒருநாள் கூப்பிட்டார்கள். உள்ளே நாய்கள் பெருகிவிட்டன, காலையில் ஓடுகிற பயிற்சிப் பையன் ஒருவனை ஒன்று கடித்துவிட்டது, பெரிய அதிகாரி பார்வையிட வருவதற்குள் ஒரு நாய்கூட இருக்கக் கூடாது என்றார்கள். எங்களை வாசலில் வரவேற்றவர் ஒரு ஹவில்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். கஞ்சி போட்ட துணி மாதிரி விறைப்பான ஆள்.

டாக்டர் சட்டத்தை எடுத்துச் சொன்னார். பிடித்துக்கொண்டு போவோம், ஆனால் ஆபரேஷன் முடிந்ததும் இங்கேதான் கொண்டுவந்து விட வேண்டும்.

"திரும்ப இங்கயேவா?" என்றார் ஹவில்தார். "அப்புறம் எதுக்கு மேடம் புடிக்கிறது?"

"இதுங்கள எடுத்துட்டா அந்த எடத்துக்கு வெளியிலேருந்து வேற நாய் வரும் சார். அதுங்க ஊசி போடாத நாயா இருக்கும். மொதல்ல உங்க மெஸ்ஸுக்குப் பின்னாடி இருக்கிற குப்பைக் குழிய மூடுங்க."

அவர் முகத்தைப் பார்த்தால் ஒரு வார்த்தையையும் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் வலை போட ஆள் கொடுத்தார்.

சில வாரங்களில் ஏறக்குறைய எல்லா நாயும் எங்கள் மேஜைக்கு வந்து போய்விட்டது. செவலை நிறத்தில் ஒரு பெட்டை மட்டும் சிக்கவில்லை. என் வேனின் சத்தம் வாசலில் கேட்டாலே அது ஃபயரிங் ரேஞ்சின் மண்மேட்டுக்குப் பின்னால் மறைந்துவிடும். கோழிக்கறி வைத்தோம், கூண்டை இலைதழையால் மூடி வைத்தோம். தூரத்தில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில் ஹவில்தாரே போன் செய்தார். "செவலை நேத்து சாயங்காலம் கூண்டுல மாட்டிக்கிச்சு. மழைன்னு ஸ்டோர் ரூம்ல வச்சிருக்கேன். வந்து எடுத்துட்டுப் போங்க." குரலில் ஜெயித்த சந்தோஷம்.

போய்த் தார்ப்பாய் போர்த்திய கூண்டை அப்படியே தூக்கி வேனில் வைத்து, ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் எங்கள் இடத்துக்குக் கொண்டுவந்தேன். மயக்க ஊசியை ஏற்றிவைத்துக்கொண்டு டாக்டர் தார்ப்பாயை விலக்கினார். ஊசி போடவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, வயித்தப் பாருங்க."

காம்புகள் கல்லாக வீங்கியிருந்தன. கூண்டின் அடித்தகட்டில் சொட்டுச் சொட்டாகப் பால்.

அவர் உடனே ஹவில்தாருக்குப் போன் போட்டார். குட்டி எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டார். "ரேஞ்சுக்கு அடியில ஒரு சிமெண்டுக் குழா போவுது மேடம். அது அங்கதான் போயிட்டு வரும். ஆனா அதுல விடியக்காலத்திலேருந்து தண்ணி போயிட்டிருக்கு" என்றார்.

டாக்டரும் ஏறிக்கொள்ள, வேனைத் திருப்பினேன். விழுப்புரம் ரோட்டில் முழங்கால் தண்ணீர். பஸ் போகிற அலையில் வண்டி ஆடியது. பின்னால் செவலை ஒரு சத்தமும் போடவில்லை. குரைத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

முகாம் வாசலில் ஹவில்தார் நின்றுகொண்டிருந்தார். மழைக்கோட்டு இல்லை. தோள்வரைக்கும் சேறு.

"கைய உட்டுப் பாத்தேன்" என்றார். "ஒண்ணும் தட்டுப்படல. தண்ணி அடிச்சிட்டுப் போயிருக்கும்."

என்னோடு கூண்டைப் பிடித்து இறக்கினார். கதவைத் தூக்கினேன். செவலை நேராகக் குழாய்க்கு ஓடியது. சுழித்துக்கொண்டு போகும் தண்ணீருக்குள் தலையை விட்டது, எடுத்தது. அந்த மழையில் என்ன மோப்பம் நிற்கும்? எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. வண்டிக்குப் போய்விடலாம் என்று திரும்பினேன்.

அப்போது அது தலையை நிமிர்த்தியது. காது இரண்டும் முன்னால் வந்தன. எங்களுக்கு மழைச் சத்தம் தவிர எதுவும் கேட்கவில்லை. அது அணிவகுப்புத் திடலைக் குறுக்கே கடந்து ஓட, நாங்கள் மூன்று பேரும் வழுக்கி வழுக்கிப் பின்னால் ஓடினோம். வண்டி ஷெட்டின் கோடியில், ஓடாமல் நிற்கும் பழைய லாரியின் அடியில் அது நுழைந்தது.

நான் மண்டியிட்டுப் பார்த்தேன். கிழிந்த தார்ப்பாய்மேல் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பெட்டை படுத்திருந்தது. காதில் எங்கள் வெட்டு. அதன் வயிற்றில் வரிசையாகக் குட்டிகள், காய்ந்தும் காயாத சேற்றோடு. அதன் முகமெல்லாம்கூடச் சேறு. குழாயிலிருந்து அந்தத் திடல் முழுக்க, ஒவ்வொன்றாக அதுதான் கவ்விக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

இரண்டும் கடித்துக்கொள்ளும் என்று நினைத்து என் கை தானாக வலையைத் தேடியது. செவலை குட்டிகளை ஒருமுறை நக்கியது. பிறகு மற்றதன் முகத்திலிருந்த சேற்றை நக்கியது. அதற்கு எதிரில் படுத்துக்கொண்டது. இரண்டு குட்டிகள் ஊர்ந்து இந்தப் பக்கம் வந்தன.

டாக்டர் மெதுவாகக் கையை நீட்டிக் கறுப்பு வெள்ளையின் காம்பைத் தொட்டார். விரலில் பால். அதைப் பார்த்தபடியே, "இதுக்குக் குட்டியே கெடையாதேண்ணே" என்றார். "நான்தான கர்ப்பப்பைய எடுத்தேன்."

"பின்ன எப்பிடி மேடம்?" என்றார் ஹவில்தார். ரகசியம் பேசுகிற குரல்.

சில பெட்டைகளுக்கு, பருவம் முடிந்த கொஞ்ச காலத்தில் இந்த ஆபரேஷன் செய்தால், குட்டி போட்டுவிட்டதாக உடம்பு நினைத்துக்கொள்ளுமாம். சினையே ஆகாவிட்டாலும் பால் சுரக்குமாம். "படிச்சிருக்கேன். கண்ணால பாத்ததில்ல" என்றார் டாக்டர்.

இனிமேல் குட்டியே வேண்டாமென்று நாங்கள் அறுத்த உடம்பு அது. அதே உடம்பில் பால் ஊறியிருக்கிறது. வெள்ளம் வந்த நேரத்தில் இன்னொருத்தியின் பிள்ளைகள் அதைக் குடித்துக்கொண்டு கிடக்கின்றன. லாரியின் அடியில் தலையை விட்டபடி எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. மழைக்குள்ளும் அந்தச் சப்புகிற சத்தம் கேட்டது. இத்தனை காலம் எதை மூட்டை மாதிரி தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது.

ஹவில்தார் எழுந்து போனார். சுடும் பயிற்சி நடக்கும்போது ரேஞ்சில் ஏற்றுகிற சிவப்புக் கொடியைக் கொண்டுவந்து லாரியின் பம்பரில் கட்டினார். ஷெட்டில் இருந்த சிப்பாய்களிடம், "இந்த வண்டிகிட்ட ஒருத்தனும் போவக் கூடாது" என்றார்.

பெரிய அதிகாரி வந்தபோதும் அந்தக் கொடி அங்கேதான் இருந்ததாம். என்ன இது என்று கேட்டவரை ஹவில்தார் லாரியின் அடியில் குனிந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். அவரும் குனிந்து பார்த்துவிட்டு, கொடி இருக்கட்டும் என்று போய்விட்டாராம். மெஸ் குப்பைக் குழிக்கு இரும்பு மூடி வந்தது. குட்டிகள் பால் மறந்ததும் சிலதைக் குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் எடுத்துக்கொண்டன, ஒன்றை டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோனார். ஒரு பெண் குட்டி மட்டும் முகாமிலேயே தங்கிவிட்டது. அதற்கும் செவலைக்கும் நேரம் பார்த்து ஆபரேஷன் செய்தோம். வெளிநாய் எதுவும் இப்போது உள்ளே வருவதில்லை, இவை விடுவதில்லை.

ஹவில்தாருக்கு வடக்கே எங்கோ பனிமலைப் பக்கம் மாற்றலாகிவிட்டது. போன மாதம் தடுப்பூசிக்காக முகாமுக்குப் போயிருந்த சமயத்தில் அவரிடமிருந்து போன் வந்தது.

"டிரைவர், அதுங்க எப்பிடி இருக்குதுங்க?"

"ஷெட்டுக்கு வெளிய வெயில்ல படுத்திருக்குதுங்க சார்."

"குட்டி?"

எட்டிப் பார்த்தேன். குட்டி என்று சொல்ல முடியாத அளவுக்கு வளர்ந்திருந்தது.

"நடுவுல படுத்திருக்கு சார்" என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்தார், அங்கே வீசிய காற்றுச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.