நீலப் பூச்சாடியின் அடிப்பக்கம்

திருச்சியில் யார் வீட்டுக்குப் போனாலும், பழைய கண்ணாடி என்றால் அது பெல்ஜியம்தான். ஊறுகாய் ஜாடியா, பெல்ஜியம். விரிசல் விட்ட அரிக்கேன் சிம்னியா, அதுவும் பெல்ஜியம். பழைய கண்ணாடிச் சாமான்களைச் சேர்த்து, எது எந்த ஊரில் செய்தது என்று தேடிக் கண்டுபிடிக்கிற பைத்தியம் எனக்கு ரொம்ப வருஷமாக உண்டு. அந்தப் பாவத்துக்குக் கல்யாணப் பந்தியில்கூட என்னை நிம்மதியாகச் சாப்பிட விடுவதில்லை. ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் ஒரு கிண்ணத்தை இலையோரம் கொண்டுவந்து வைப்பார்கள். பெல்ஜியம் இல்லை என்று சொல்லிவிட்டாலோ, இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் அக்கா மட்டும் பெல்ஜியம் என்று சொன்னதில்லை. அவள் வீட்டுக்காரர், என் மாமா, திருவெறும்பூரில் தொழிற்சாலை வேலை பார்த்தவர். கல்யாணமான புதிதில் பயிற்சிக்காக அவரைச் செக்கோஸ்லோவாகியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பழைய சாமான் கடையில் பொறுக்கி எடுத்தேன் என்று அக்காவுக்கு ஒரு நீலப் பூச்சாடி கொண்டுவந்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கடைக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்.

அவர் வீட்டில் நடந்த ஒரு காதுகுத்து விசேஷத்தில், பத்துப் பேருக்கு முன்னால் அதை என் கையில் கொடுத்தார். திருப்பினேன். அடியில் வெள்ளைப் பெயின்டில் அவருடைய இனிஷியல், பெரிதாக. விசேஷ வீடுகளுக்கு இரவல் போகிற அண்டா குண்டான் மாறிவிடக்கூடாது என்று நாம் எழுதி வைப்போமே, அதே மாதிரி. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கவாட்டில், அச்சில் வார்த்த மலிவுச் சரக்குக்கு இருக்கிற கோடு வேறு ஓடியது.

"மாமா, இது நம்ம பெரிய கடைவீதி சரக்கு" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அதற்கப்புறம் அவர் அந்தக் கதையை யாரிடமும் சொல்லவில்லை. பூச்சாடி சமையலறைக்குப் போய், கரண்டி போட்டு வைக்கிற சாமானாகிவிட்டது.

மாமா போய் இரண்டு வருஷமாகிறது. போன மாதம் அக்கா போன் செய்தாள். வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு போய் இருக்கப்போகிறாள். வேண்டாததைக் கழித்துவிடச் சொல்கிறான் அவன்.

"அவரு பொய் சொன்னாரா இல்லையான்னு எனக்குத் தெரியணும். அந்தப் பூச்சாடிய ஒரு தடவை ஒழுங்காப் பாத்துச் சொல்லுடா."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அதுவரை கழுவாதே, துடைக்காதே, தொடவே தொடாதே என்று மூன்று தரம் சொன்னேன். போய்ப் பார்த்தால் மேஜைமேல் பூச்சாடி பளபளவென்று நிற்கிறது! பார்க்க வருகிற மனுஷனிடம் அழுக்குச் சாமானையா காட்டுவது என்று, தின்னர் வாங்கிப் பெயின்டைக் கரைத்து, புளியும் தேங்காய் நாருமாகத் தேய்த்து வைத்திருந்தாள். சொல்பேச்சு கேட்கிற வழக்கமே இந்த வீட்டில் கிடையாதா என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவள் காபி வைத்துவிட்டுப் போனாள்.

புலம்பிக்கொண்டே அதை ஜன்னலோரம் எடுத்துப்போய் வெளிச்சத்தில் சாய்த்தேன். பெயின்ட் இருந்த இடத்தில் காலணா அளவுக்கு ஒரு மங்கலான வட்டம். அமிலத்தால் பதித்த பொடி எழுத்து. லென்ஸை வைத்துப் படித்தேன்: செக்கோஸ்லோவாகியாவில் செய்தது.

அச்சில் வார்த்த கண்ணாடி அந்த நாட்டிலும் உண்டு என்று எனக்குத் தெரிந்து எத்தனையோ வருஷமாகிறது. இருந்தும் ஒருநாள்கூட இதை மறுபடி எடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மடையன் நான். ஊராருக்கெல்லாம் முதலில் அடிப்பக்கத்தைப் பார் என்று பாடம் எடுக்கிறவன்.

அக்காவைக் கூப்பிட்டு, மாமா சொன்னது நிஜம்தான் என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். பூச்சாடியை வாங்கி, முந்தானையால் அந்த வட்டத்தை இரண்டு தரம் துடைத்தாள்.

"அன்னிக்கே அந்தப் பெயின்டைச் சுரண்டிப் பாத்திருக்கலாம்லடா" என்றாள். "அவரு உன் பக்கத்துலயேதானே நின்னுக்கிட்டிருந்தாரு."