கடல் ஆலாவின் இறக்கை

மே மாதக் காற்றும் மழையும் நடுக்கடலிலிருந்து தள்ளிக்கொண்டு வந்த கடல் ஆலா ஒன்று, ஆனேக்கல் ஏரிச் சேற்றில் உட்கார்ந்திருக்கிறது. பெங்களூர்ப் பக்கம் என்ன, சென்னைக் கரையில்கூட இந்தப் பறவை அபூர்வம். அதற்காகவே சென்னையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறேன். இறக்கையின் அடிப்பக்கம் படத்தில் விழுந்தால்தான் இது கடல் ஆலாதான் என்று எங்கள் பறவைக் குழுவில் நம்புவார்கள். கைதட்டுகிறேன். அது அசையவில்லை.

ஏரிக் காவலாளி கோலார் தங்கவயல்காரர். பக்கத்தில் வந்து நிற்கிறார்.

"காலைலேருந்து நீங்க அஞ்சாவது ஆளு சார். எல்லாரும் இப்படித்தான் கைதட்டி எழுப்புறாங்க. மீன் போட்டேன், துன்றதுக்குக்கூட தெம்பு இல்ல அதுக்கு. வுட்டுடுங்க சார்."

"ஒரே ஒரு போட்டோ, அண்ணா."

இன்னும் பலமாகத் தட்டுகிறேன். ஆலா இறக்கையை விரிக்கிறது. படம் தெளிவாக விழுகிறது. குழுவுக்கு அனுப்பிவிட்டு நிமிர்கிறேன்.

விரித்த இறக்கையை அது மடக்கவே இல்லை.