மஹ்பூபாவின் கோணல் கட்டில்

ஜெலுத்தோங்கிலிருந்து குளுகோர் வரைக்கும் உள்ள அடுக்குமாடி வீடுகளில் பாதிக்கு அடுப்படி அலமாரி அடித்தவர் லாரன்ஸ் அண்ணன். மற்றத் தச்சர்கள் சுத்தியலை மறந்து வேலைக்குப் போனாலும் போவார்கள். இவர் ரசமட்டம் இல்லாமல் வாசற்படி தாண்ட மாட்டார். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் காற்றுக்குமிழி நட்டநடுவில் வந்து நின்றால்தான் அவருக்குச் சோறு இறங்கும். கோணல் என்றால் ஆகவே ஆகாது. விருந்துக்குப் போன வீட்டில் மாதா படம் சாய்ந்திருந்தால், வணக்கம் சொல்வதற்கு முன்னால் அதை நிமிர்த்திவிட்டுத்தான் உட்காருவார்.

இந்தக் குணத்தால் அதிகம் பாடுபட்டவர் அவர் மனைவி சவுந்தரம் அக்கா. அக்காவுக்குப் பல வருட நெஞ்செரிச்சல். படுத்தால் புளிப்பு தொண்டைக்கு ஏறும், இருமல் தொடங்கும். மூன்று தலையணைகளைச் சுவரில் சாய்த்து, பஸ்ஸில் போகிறவர் மாதிரி உட்கார்ந்தே தூங்குவார். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தச் சொன்னார் டாக்டர். அண்ணன் ஒப்பவில்லை.

"என் வீட்ல கோணக் கட்டிலா? பாக்கிறவன் சிரிக்க மாட்டான்?"

"நம்ம படுக்கை ரூமுக்குள்ள எவன் வந்து பாக்கப் போறான்?"

அதற்குப் பதிலாக அண்ணன் வாங்கி வந்தது நான்காவது தலையணை.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஐம்பது வயதுக்கு மேல் படகு ஆசை பிடித்தது. கோலாலம்பூருக்குக் குடிபோன வாடிக்கையாளர் ஒருவர், வருடக்கணக்கில் கரையில் கிடந்த தம் சின்னப் பாய்மரப் படகை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். பெயர் மஹ்பூபா, அதாவது காதலி. வெளியே பார்க்க லட்சணமாகத்தான் இருந்தாள். உள்ளே போனால் பூஞ்சணம் பிடித்த மெத்தை, உளுத்துப்போன பலகை, எலி குடும்பம் நடத்திய அலமாரி.

"உங்க மஹ்பூபாவ நல்லா சிங்காரிங்க," என்றார் அக்கா. "ஒரு தடவ வர்றேன். ஒரு டீ குடிச்சு, நிம்மதியா கொஞ்ச நேரம் படுக்க முடிஞ்சா சரி. இல்லன்னா வித்துடணும். போலேயா?"

"போலே லா!" என்று மலாயிலேயே சம்மதம் சொல்லி வாக்குக் கொடுத்துவிட்டார் அண்ணன்.

அதற்கப்புறம் அவருக்கு ஓய்வு ஏது, பெருநாள் ஏது? கரையோரப் பட்டறை ஒன்றில் முட்டுக்கட்டைகளின் மேல் நின்ற படகுக்குள் புகுந்து, பழசையெல்லாம் உரித்து வெளியே எறிந்தார். வளைந்த சுவருக்கு அட்டையை வெட்டி வெட்டி அளவு பிடித்துப் பலகை அறுத்தார். படகுக்குள் ஒரு மூலைகூட நேராக இல்லாதது அவருக்குப் பெரிய சோதனை. முழங்காலை மடக்கி, தலையை இடித்துக்கொண்டு, வியர்வையில் குளித்து வேலை செய்தார். அடுப்பு மேடை வந்தது, மடக்கு மேசை வந்தது, படகின் மூக்குப் பக்கம் கால் நீட்டிப் படுக்க ஒரு கட்டிலும் வந்தது. ஒவ்வொன்றின் மேலும் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நின்ற பிறகுதான் திருகாணி இறக்கினார்.

பட்டறைக்காரர் ஹைருல் ஒரு நாள் எட்டிப் பார்த்து மலாயில் சொன்னார், படகுக்குள் இதை வைத்து அளக்க மாட்டோம், வெளியே வரைந்திருக்கும் தண்ணீர்க் கோட்டைப் பார்த்துத்தான் அளப்போம் என்று. அடுப்படி எங்கே இருந்தாலும் அடுப்படிதான் என்று சிரித்துவிட்டார் அண்ணன். சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹைருல் மஹ்பூபாவைத் தண்ணீரில் இறக்கி வைத்தார். காலைப் பூசை முடிந்த கையோடு அண்ணன் அக்காவை அழைத்து வந்தார். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினார். வெள்ளை அலமாரியையும் நீல மெத்தையையும் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, நம்ம வீட்ட விட நல்லாருக்கே!"

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து மேசையில் வைத்தார். அது உருண்டுபோய்க் கீழே விழுந்தது. பிளாஸ்கிலிருந்து ஊற்றிய டீயும் கோப்பையோடு அதன் பின்னாலேயே வழுக்கிக்கொண்டு போய் அக்காவின் சேலையில் கவிழ்ந்தது.

அண்ணன் அவசரமாக ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அடுப்பு மேடையிலும் கட்டிலிலும் அதே கதைதான். மேலே ஹைருல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கரையில் நிறுத்தும்போது மழைத்தண்ணீர் பின்பக்கமாக வடிந்து போவதற்காகப் படகின் மூக்கைச் சற்றுத் தூக்கித்தான் முட்டுக் கொடுப்பார்களாம். அப்போது நேராக அடித்ததெல்லாம், தண்ணீரில் மூக்கு இறங்கியதும் முன்பக்கம் சரிந்துவிட்டது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். லாரன்ஸ் அண்ணனுக்கு அடுப்படியே சறுக்கிவிட்டது.

"வித்துடலாம், சவுந்தரம். சொன்ன சொல்லு சொல்லுதான்," என்றார். மேலே ஏறிப் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார். இத்தனை வருடத் தொழிலில் அவர் இப்படி வெட்கப்பட்டதில்லை.

அக்கா பின்னாலேயே மேலே ஏறி வரவில்லை. கோபமாக இருப்பாள் என்று பயந்து, சமாதானம் சொல்லலாம் என்று குனிந்து எட்டிப் பார்த்தார். அக்கா அந்தக் கட்டிலில் படுத்திருந்தார். தலைமாடு உயர்ந்து, மூக்குப் பக்கம் நீட்டிய கால்கள் தாழ்ந்திருந்தன. ஒரே ஒரு தலையணை. இருமல் இல்லை, மெல்லிய குறட்டை மட்டும். மனைவி இப்படிக் காலை நீட்டி மல்லாந்து தூங்கி எத்தனை வருடமாகிவிட்டது! டாக்டர் கேட்டது இரண்டு கட்டையைத்தானே என்று நினைத்தபோது அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுப்ப மனம் வராமல் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

வெயில் ஏறிய பிறகு அக்கா கண்ணைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார்.

"விக்கணுமா?" என்று கேட்டார் அண்ணன்.

"எதுக்கு விக்கணும்? மேசை, அடுப்பெல்லாம் நேராக்கிக் குடுங்க, அடுத்த வாரம் வந்து டீ குடிக்கிறேன். இந்தக் கட்டில மட்டும் தொட்டீங்க, அப்புறம் தெரியும் சேதி!"

அன்று மாலையே அண்ணன் மிச்சப் பலகையில் இரண்டு கட்டை அறுத்து, வீட்டுக் கட்டிலின் தலைமாட்டுக்கு அடியில் கொடுத்தார். பழக்கதோஷத்தில் கை ரசமட்டத்தைத் தேடியது. அதை எடுத்து அலமாரிக்கு மேலே போட்டுவிட்டார். மறுநாள் அக்கா நிறைவாகத் தூங்கி எழுந்தபோது, கால்மாட்டுக்குச் சறுக்கிப் போயிருந்த அண்ணன், இரண்டு கால்களும் கட்டிலுக்கு வெளியே தொங்க, "நல்லா தூங்கினியா?" என்று கேட்டார்.